நறுமணமும் நமது சருமமும்

திருப்புலிவனத்திலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் எந்த இல்லத்தினுள் நுழைந்தாலும், சுவரில் மாட்டிய கண்ணாடியின் கீழே ஒரு சிறு பலகையைக் காண்கிறோம். முகப்பவுடர் டப்பா, கிரீம் குப்பி, வாசனைத் தேங்காயெண்ணெய், குங்குமச் சிமிழ், இளைஞர் விரும்பும் சென்ட் முதலியன அதன்மேல் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் மட்டுமே பூசப்பட்ட பொருள்கள் இன்று அன்றாடப் பழக்கமாகிவிட்டன. உத்திரமேரூர்க் கடைவீதியில் சில ரூபாய்க்கே சிறு உறைகளில் அவை கிடைப்பதால், ஏழை எளியவரின் இல்லத்திலும் அவற்றுக்கு இடமுண்டு. இதில் தவறேதும் இல்லை. தூய்மையாகவும் மணத்தோடும் இருக்க விரும்புவது மனித இயல்பே.

ஆயினும் அப்பொருள்களை நாம் வாங்கும் முறையைச் சற்றே கவனியுங்கள். மூடியைத் திறக்கிறோம், மூக்கருகே கொண்டு செல்கிறோம், "நல்ல வாசனை! சரக்கும் நல்லதாகத்தான் இருக்கும்" என்று தீர்ப்புக் கூறிவிடுகிறோம். மூக்கு வழங்கும் இத்தீர்ப்பைத் தோலும் ஏற்கக் கடமைப்பட்டுள்ளதா? நறுமணம் ஒரு பொருளின் நன்மைக்குச் சாட்சி ஆகுமா? இம்மாதம் நம் குடும்பங்களோடு சேர்ந்து இக்கேள்வியைச் சிந்திக்க விரும்புகிறோம். மூக்கின் இன்பம் வேறு, தோலின் நலம் வேறு. இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் சாரம்.

ஒரு சொல்லுள் பல பொருள்

கிரீம் குப்பியின் மேலுறையில் பொடி எழுத்துகளில் அச்சிட்டிருக்கும் பட்டியலைப் பள்ளியில் பயிலும் மகனையோ மகளையோ படிக்கச் சொல்லுங்கள். நீர், கிளிசரின், மெழுகு, எண்ணெய் எனச் சேர்க்கைப் பொருள்கள் ஒவ்வொன்றாக வரும். பட்டியலின் இறுதிப் பகுதியில் 'பெர்ஃப்யூம்' அல்லது 'ஃபிராக்ரன்ஸ்' என்ற ஒரு சொல் காணப்படும். வாசனைப் பொருள் என்பதே இதன் பொருள். ஆனால் அந்த ஒரு சொல் ஒரு பொருளைக் குறிப்பதன்று. மலர்களிலிருந்தும் மரப்பட்டைகளிலிருந்தும் வடித்த தைலங்களும், இரசாயனக் கூடங்களில் உருவாக்கிய கலவைகளுமாகப் பற்பல பொருள்கள் அதனுள் அடங்கியிருக்கக்கூடும். சில வேளைகளில் அவற்றின் எண்ணிக்கை நூறையும் தாண்டும். கலவையின் விவரம் தயாரிப்பாளரின் வணிக இரகசியமாகக் காக்கப்படுகிறது.

வாசனை சருமத்துக்கு மருந்தாவதில்லை. வறட்சியைப் போக்குவதும் இல்லை. கிரீமில் உள்ள எண்ணெய், மெழுகு ஆகியவற்றின் இயல்பான வாடையை மறைக்கவும், வாங்குவோர் மனத்தைக் கவரவுமே அது சேர்க்கப்படுகிறது. ஆகவே வாசனையை நீக்கிவிட்டால் கிரீமின் பயனில் ஒன்றும் குறைவதில்லை என்பதை முதற்கண் மனத்தில் கொள்வோமாக.

தோல் எவ்வாறு பகை கொள்கிறது?

நம் உழவர் பெருமக்கள் பார்த்தீனியச் செடியை நன்கு அறிவர். வயல் வரப்புகளிலும் சாலையோரங்களிலும் வெண்ணிறச் சிறு பூக்களோடு மண்டிக் கிடக்கும் களை அது. அதனைப் பிடுங்கும் எல்லாருக்கும் அரிப்பு உண்டாவதில்லை. பல ஆண்டுகள் தீங்கின்றிக் கையாண்ட ஒருவருக்கே ஒரு பருவத்தில் முகமும் கழுத்தும் கைகளும் தடித்து அரிக்கத் தொடங்கும். அதன்பின் அச்செடியின் அருகே சென்றாலே துன்பம்தான். வாசனைப் பொருள்களால் வரும் ஒவ்வாமையும் இதே வகையைச் சேர்ந்தது.

இது நிகழும் விதத்தை மருத்துவர்கள் தெளிவாக விளக்குகின்றனர். வாசனைப் பொருள்களின் நுண்துகள்கள் மிகச் சிறியவை. அவை தோலின் மேலடுக்கைக் கடந்து உள்ளே சென்று, அங்குள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. உடலின் காவற்படை அதனை அந்நியனாகக் கருதி அடையாளம் குறித்து வைத்துக்கொள்கிறது. இவ்வேளையில் வெளியே எந்த அறிகுறியும் தோன்றாது. வாரங்களோ மாதங்களோ ஆண்டுகளோ கழித்து, அதே பொருள் மீண்டும் போதிய அளவில் தோலில் படும்போது, காவற்படை அதனை நினைவுகூர்ந்து எதிர்க்கிறது. சிவப்பும், தடிப்பும், அரிப்பும், நீர்க்கசிவும் அப்போருக்கு அடையாளங்கள். ஒருமுறை ஏற்பட்ட அந்த நினைவு பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் அழிவதில்லை.

இதில் இரு செய்திகள் கவனத்திற்குரியவை. முதலாவது, பூசியவுடனே இது தோன்றுவதில்லை. ஒன்று அல்லது இரண்டு நாள் கழித்தே பெரும்பாலும் வெளிப்படும். ஞாயிறன்று பூசிய பொருளின் விளைவு செவ்வாயன்று தோன்றினால், திங்களன்று உண்ட கருவாட்டின்மேல் பழி விழுகிறது. இரண்டாவது, "பத்து ஆண்டுகளாக இதைத்தான் பூசுகிறேன், இதனால் வந்திருக்காது" என்று கூறுவது சரியான வாதம் அன்று. பல ஆண்டுகள் பழகிய பொருளுக்கும் தோல் ஒருநாள் பகையாகலாம்.

எல்லாரையும் அச்சுறுத்துவது நம் நோக்கமன்று. ஐரோப்பாவில் மக்கள் தொகையில் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரை வாசனைப் பொருள்களுக்கு ஒவ்வாமை உடையவர்கள் என்று அங்குள்ள அறிவியற் குழு 2012இல் மதிப்பிட்டது. எஞ்சிய பெரும்பான்மையினருக்கு அவற்றால் துன்பமில்லை. ஆயினும் அந்த ஒருவர் நம் மகளாகவோ மனைவியாகவோ இருந்தால், எண்ணிக்கை சிறிது என்பது ஆறுதல் ஆகாது.

கிறிஸ்மா தைலத்தில் கலந்த பிசின்

திருச்சபையின் வரலாற்றோடு நெருங்கிய தொடர்புடைய ஒரு வாசனைப் பொருளே இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாக அமைகிறது. புனித வாரத்தில் ஆயர் அவர்கள் மந்திரிக்கும் கிறிஸ்மா தைலம், எண்ணெயோடு நறுமணப் பிசின் கலந்து ஆயத்தம் செய்யப்படுவதை நம் வாசகர்கள் அறிவார்கள். பழங்காலத்தில் இப்பிசின் கீழை நாடுகளிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்றது. அமெரிக்கக் கண்டத்திற்கு ஸ்பானியர் சென்ற பின்னர், அங்கே ஒரு மரத்திலிருந்து கிடைத்த கருஞ்சிவப்பான பிசின் அதன் இடத்தைப் பெற்றது. திருத்தந்தை நான்காம் பயஸ் 1562இலும், திருத்தந்தை ஐந்தாம் பயஸ் 1571இலும் அப்பிசினைக் கிறிஸ்மா தைலத்தில் பயன்படுத்த அனுமதி வழங்கினர்.

அதன் பெயர் 'பெரு பால்சம்'. விந்தை யாதெனில், அது பெரு நாட்டில் விளைவதே இல்லை. மத்திய அமெரிக்காவிலுள்ள எல் சால்வடோர் நாடே அதன் தாயகம். பெரு நாட்டின் கயாவோ துறைமுகத்திலிருந்து ஸ்பெயினுக்குக் கப்பலேறியதால் அப்பெயர் நிலைத்துவிட்டது. மரத்தின் பட்டையைச் சீவி, காயத்தின்மேல் துணியைச் சுற்றி, கசியும் பிசின் அதில் ஊறியபின், அத்துணியை நீரில் கொதிக்கவைத்துப் பிரித்தெடுப்பர். இலவங்கப்பட்டையும் வனிலாவும் கலந்தாற்போன்ற இனிய மணம் அதற்கு உண்டு. காயங்களுக்குப் போடும் களிம்புகளிலும், சோப்புகளிலும், வாசனைத் திரவியங்களிலும், குழந்தைகளுக்கான பூச்சுகளிலும் நெடுங்காலம் அது இடம்பெற்றது.

இத்துணை மதிப்புடைய அப்பொருளே, தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும் வாசனைப் பொருள்களுள் முதன்மையானவற்றில் ஒன்று எனத் தோல் மருத்துவர்கள் இருபதாம் நூற்றாண்டில் கண்டறிந்தனர். வாசனைப் பொருள் தயாரிப்பாளர்களே 1973இல் நிறுவிய அனைத்துலகச் சங்கம், காய்ச்சி வடிக்காத பெரு பால்சத்தை வாசனைக்காகச் சேர்க்கலாகாது என 1982இல் விலக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டமும் அதையே விதிக்கிறது. காய்ச்சி வடித்தெடுத்த வடிவங்கள் மட்டும் வரையறுத்த அளவுக்கு உட்பட்டு அனுமதிக்கப்படுகின்றன. நம் நாட்டில் தோல் ஒவ்வாமையைக் கண்டறியும் சோதனைக்கான பொருள்களின் இந்தியப் பட்டியலிலும் பெரு பால்சம் இடம்பெற்றுள்ளது. நாம் மேலே கூறிய பார்த்தீனியமும், வாசனைப் பொருள்களின் கலவை ஒன்றும் அதே பட்டியலில் உள்ளன.

அப்படியாயின் திருமுழுக்கில் பூசும் தைலத்திற்கு அஞ்ச வேண்டுமோ என்று ஒரு தாய் கேட்கலாம். கேட்பதில் தவறில்லை. அளவும் முறையும் இங்கே வேறு. திருமுழுக்கில் குழந்தையின் உச்சியில் ஒருமுறை, உறுதிபூசுதலில் நெற்றியில் ஒருமுறை எனச் சிறு துளியே பூசப்படுகிறது. ஒரு கிரீமோ காலையும் மாலையும், மாதக்கணக்கில், முகம் முழுவதும் பூசப்படுகிறது. தோலின் பகையை வளர்ப்பது பெரும்பாலும் இவ்வாறு மீண்டும் மீண்டும் படுவதே. யாருக்கேனும் வாசனைப் பொருளுக்குக் கடும் ஒவ்வாமை உண்டென மருத்துவர் கூறியிருந்தால், அருட்சாதனத்திற்கு முன்னரே பங்குக் குருவிடம் அதனைத் தெரிவித்தல் நன்று. பூசிய தைலத்தைப் பின்னர் மெல்லத் துடைத்துக்கொள்வதால் அருட்சாதனத்திற்குக் குறைவேதும் நேர்வதில்லை.

முன்னர் யாத்திராகமம் என்றும் இன்று விடுதலைப் பயணம் என்றும் நாம் அழைக்கும் நூலின் 30ஆம் அதிகாரத்தில், அபிடேகத் தைலத்திற்கான முறை கூறப்பட்டுள்ளது. ஒலிவ எண்ணெயோடு வெள்ளைப்போளம், இலவங்கப்பட்டை முதலிய நறுமணப் பொருள்கள் அதிற் சேரும். அத்தைலத்தைச் சாதாரண உபயோகத்திற்காக உடலில் பூசலாகாது என்ற கட்டளையும் அங்கேயே உண்டு. அது தூய்மையைக் குறித்த கட்டளையே அன்றித் தோல் மருத்துவம் அன்று. எனினும் நறுமணம் அருமையாக வழங்கவேண்டிய ஒன்று என்ற எண்ணம் எத்துணைப் பழமையானது என்பதை அது காட்டுகிறது.

சிவக்கும் தோலும் கறுக்கும் தோலும்

வெண்ணிற மக்களின் தோலில் ஒவ்வாமை சிவப்பாகத் தோன்றும். மேனாட்டுப் புத்தகங்களிலும் அப்படியே வருணித்திருப்பார்கள். நம் மக்களின் தோலிலோ சிவப்பு எளிதில் புலப்படாது. பல வேளைகளில் அரிப்புக்கூட மெல்லியதாய் இருக்க, கன்னத்திலும் நெற்றியிலும் கரும்படலம் மட்டும் படரும். தோலின் உள்ளே நிகழும் அழற்சி, நிறமியைச் சிதறச் செய்து கீழடுக்கில் படியவைப்பதே இதன் காரணம்.

ஜப்பான் நாட்டில் 1970களில் இத்தகைய கருமை பல பெண்களின் முகத்தில் தோன்றியது. அவர்கள் பூசிய அழகுப் பொருள்களை அந்நாட்டுத் தோல் மருத்துவர்கள் ஒவ்வொன்றாகச் சோதித்தனர். சில சாயங்களில் கலந்திருந்த மாசுகளும், மல்லிகைச் சாறு, இலாங்-இலாங் என்னும் மலர்த்தைலம், பென்சைல் சாலிசிலேட் முதலிய வாசனைப் பொருள்களும் காரணமெனக் கண்டனர். 1977 முதல் பெரிய தயாரிப்பாளர்கள் அவற்றை நீக்கத் தொடங்கினர். அதன்பின் புதிய நோயாளிகளின் எண்ணிக்கை பெரிதும் குறைந்தது. பொருளை நீக்கியதும் நோய் விலகியது என்பதே காரணத்திற்குச் சிறந்த சான்று அன்றோ?

அண்மையிலுள்ள புதுச்சேரியின் ஜிப்மர் மருத்துவமனையும் இப்பொருளை ஆராய்ந்துள்ளது. அழகுப் பொருள்களால் தோல் நோயுற்று அங்கு வந்தோரைப் பற்றிய ஆய்வை அதன் தோல் மருத்துவர்கள் 2007இல் வெளியிட்டனர். தென்னிந்தியாவில் இத்தகைய நோய்க்குக் குங்குமமே முதன்மையான காரணமாக இருப்பதை அவர்கள் கண்டனர். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து வீட்டில் ஆக்கிய குங்குமம் ஒரு காலம். கடையில் விற்கும் குங்குமத்திலோ சாயமும், வாசனைப் பொருளும், கெடாமல் காக்கும் மருந்தும் கலந்திருக்கக்கூடும். இவற்றுள் எது ஒருவருக்குப் பகையானது என்பதைச் சோதித்தே அறிய வேண்டும். எல்லாப் பழியையும் வாசனையின்மேல் சுமத்துவதும் முறையன்று. ஒட்டுப் பொட்டின் பசையிலுள்ள ஓர் இரசாயனத்தால் நெற்றியில் வெண்புள்ளி தோன்றுவதும் உண்டு. அது நிறமியை அழிக்கும் வேறொரு தீங்கு. வாசனையோடு அதற்குத் தொடர்பில்லை.

இக்கருமை நம் குடும்பங்களில் விளைவிக்கும் துன்பத்தை எண்ணிப் பாருங்கள். மணமாகவேண்டிய ஒரு பெண்ணின் கன்னத்தில் கரும்படலம் தோன்றுவதாகக் கொள்வோம். "வெயிலில் அலைந்தாய்" என்று தாய் கடிந்துகொள்கிறாள். "என்ன வியாதியோ?" என்று அயலார் முணுமுணுக்கின்றனர். பெண்ணோ கருமையை மறைக்க அதே வாசனைக் கிரீமை இன்னும் அடர்த்தியாகப் பூசுகிறாள். நோய்க்குக் காரணமானதே மருந்தென மீண்டும் மீண்டும் தோலில் ஏறுகிறது. பின்னர் யாரோ கூறியதைக் கேட்டு, மருந்துக்கடையில் ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்குகிறாள். சில நாள்களில் அழற்சி அடங்கி, முகம் பளிச்சென்று தோன்றும். நாளடைவில் தோல் மெலிந்து, பருக்கள் எழும்பி, களிம்பை நிறுத்தியவுடன் முன்னிலும் மோசமாகும். இத்தகைய தோல் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என 2018இல் மத்திய அரசு விதித்தது இக்காரணம் பற்றியே.

'இயற்கை' என்னும் சொல்

"இரசாயனம் வேண்டாம், இயற்கைப் பொருளையே பூசுவோம்" என்று பலர் முடிவு செய்கின்றனர். நல்லெண்ணம்தான், ஆனால் போதிய காவல் அன்று. பெரு பால்சம் மரத்தின் பிசினே. மேலே கூறிய மல்லிகைச் சாறு மலரினின்று எடுத்ததே. கிராம்பிலும் துளசியிலும் உள்ள யூஜினால், இலவங்கப்பட்டையின் சின்னமால்டிஹைடு, ரோஜாவிலும் காவட்டம்புல் தைலத்திலும் உள்ள ஜெரானியால் ஆகிய யாவும் ஒவ்வாமை உண்டாக்கக்கூடியவை என அறியப்பட்டவை. கூந்தலில் மல்லிகைச் சரம் சூடுவது வேறு; ஏராளமான மலர்களின் சாரத்தைச் செறித்து வடித்து, முகத்தில் நாள்தோறும் தேய்ப்பது வேறு. குழம்பில் இட்ட கிராம்பு தீங்கற்றது என்பதால் கிராம்புத் தைலம் கன்னத்துக்கு உகந்தது ஆகிவிடாது.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல்களின் மணத்துக்குக் காரணமான லிமோனீனும், பற்பல மலர்களில் உள்ள லினலூலும் புதிதாக இருக்கும்போது பெரிதும் சாதுவானவை. மூடி திறந்து காற்றுப்படக் கிடந்தால், அவை காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து, ஒவ்வாமை உண்டாக்கும் வேறு பொருள்களாக மாறுகின்றன. ஆகவே ஆண்டுக்கணக்கில் திறந்து திறந்து மூடிய பழைய குப்பியைச் சிக்கனம் கருதிப் பூசுவது நன்றன்று.

வெயிலும் இதில் பங்குகொள்கிறது. பெர்கமட் என்னும் ஒருவகை நாரத்தைத் தைலம் பழைய ஓடிகொலோன்களில் சேர்க்கப்பட்டது. அதனைக் கழுத்தில் தடவி வெயிலில் சென்றோருக்கு, அது வழிந்த இடமெல்லாம் பழுப்புக் கோடுகள் தோன்றின. எலுமிச்சைச் சாற்றை முகத்தில் பூசி வெயிலில் செல்வோருக்கும் அவ்வாறே நேரலாம். சவரத்திற்குப் பின் ஆடவர் தடவும் நீரில் முன்னர் வழங்கிய மஸ்க் ஆம்பிரெட் என்னும் செயற்கைக் கஸ்தூரியும், வெயில் பட்டவுடன் தோலைப் புண்படுத்தியது. ஐரோப்பாவில் 1995இல் அது தடை செய்யப்பட்டது.

சட்டம் எதுவரை காக்கிறது?

ஐரோப்பிய ஒன்றியத்தில், ஒவ்வாமைக்குப் பெயர்போன 26 வாசனைப் பொருள்களின் பெயர்களை மேலுறையில் தனித்தனியே அச்சிட வேண்டும் என்ற விதி 2005இல் நடைமுறைக்கு வந்தது. பூசி விட்டுவிடும் பொருளாயின் நூறாயிரத்தில் ஒரு பங்குக்கு மேலும், கழுவிவிடும் பொருளாயின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கு மேலும் இருந்தாலே பெயரைக் கூற வேண்டும். 2023இல் இப்பட்டியல் எண்பதுக்கும் மேற்பட்டதாக விரிவாக்கப்பட்டது. ஒவ்வாமையை மிகுதியாக விளைவித்த 'லிரால்' என்னும் பொருள், 2021 ஆகஸ்டு முதல் அங்கே விற்பனையிலிருந்தே நீக்கப்பட்டது.

'லிலியால்' என்னும் மற்றொன்றைப் பற்றியும் கூறவேண்டும். லில்லி மலரின் மணத்தை நினைவூட்டும் இச்செயற்கைப் பொருள், சோப்பு, கிரீம், ஷாம்பு எனப் பலவற்றிலும் உலகெங்கும் சேர்க்கப்பட்டது. விலங்குகளில் நிகழ்த்திய சோதனைகளில் அது இனப்பெருக்க ஆற்றலைப் பாதிக்கக் காணப்பட்டதால், 2022 மார்ச்சு 1 முதல் ஐரோப்பாவில் அழகுப் பொருள்களில் தடை செய்யப்பட்டது. இதனைக் கேட்டு எவரும் நடுங்க வேண்டியதில்லை. அதனைப் பூசியோர் எல்லாரும் மலடாயினர் என்று யாரும் கூறவில்லை. வெறும் மணத்திற்காக ஐயத்திற்குரிய ஒன்றை ஏன் சுமக்க வேண்டும் என்பதே அத்தடையின் நியாயம்.

நம் நாட்டில் 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப் பொருள்கள் சட்டமும், அதன்கீழ் வந்த 2020ஆம் ஆண்டின் அழகுப் பொருள்கள் விதிகளும் நடைமுறையில் உள்ளன. சேர்க்கைப் பொருள்களின் பட்டியல், தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், உரிம எண், தொகுதி எண், எந்த மாதத்திற்குள் பயன்படுத்த வேண்டும் என்பன மேலுறையில் இருக்க வேண்டும். விலக்கப்பட்ட பொருள்களின் பட்டியலை இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்துள்ளது. இவை நற்காவலே. ஆனால் வாசனைக் கலவை பெரும்பாலும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள்ளேயே மறைந்து நிற்கிறது. சில நிறுவனங்கள் லினலூல், லிமோனீன், ஜெரானியால் என்று பெயர்களை அச்சிடுகின்றன. எல்லாரும் அவ்வாறு செய்வதில்லை. சந்தையில் பொட்டலமாக விற்கும் பவுடருக்கும், முகவரியற்ற குப்பியில் வரும் கிரீமுக்கும் எந்தக் காவலும் இல்லை என்றே கொள்க. அத்தகையவற்றைப் பற்றி முறையிட வேண்டுமாயின், மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வாளரை அணுகலாம்.

இல்லத்தில் செய்யத்தக்கவை

குழந்தையின் தோல் மென்மையானது. மணமூட்டிய பவுடரோ கிரீமோ அதற்குத் தேவையே இல்லை. குளிப்பாட்டிய பின் ஈரத்தை ஒற்றி எடுத்தாலே போதும். கரப்பான் உள்ள குழந்தைக்கும் பெரியவருக்கும் வாசனையற்ற பொருளே உகந்தது. ஏற்கெனவே புண்பட்ட தோலில் வாசனைப் பொருள் எளிதில் உட்புகும்.

புதிய கிரீம் வாங்கினால், முதல் நாளே முகத்தில் பூசாதீர்கள். முழங்கையின் உட்புற மடிப்பில் சிறு நாணய அளவு இடத்தில், காலையும் மாலையும் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை தடவிப் பாருங்கள். அரிப்போ தடிப்போ தோன்றினால் உடனே நிறுத்திவிடுங்கள். ஒன்றும் தோன்றாவிடில் முகத்திற்குச் செல்லலாம். இம்முறை பூசி விட்டுவிடும் பொருளுக்கு மட்டுமே பொருந்தும், சோப்புக்குப் பொருந்தாது.

'ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ' என்று அச்சிட்டிருந்தால் வாசனைப் பொருள் சேர்க்கப்படவில்லை என்று பொருள். 'அன்சென்டட்' என்றால் மணம் தெரியவில்லை என்றே பொருள். வாடையை மறைக்க வாசனைப் பொருள் சேர்த்திருக்கவும் கூடும். இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

முகத்தில் கருமையோ அரிப்போ தோன்றின், முதலில் வாசனையுள்ள எல்லாப் பூச்சுகளையும் சில வாரங்களுக்கு நிறுத்துங்கள். என்னென்ன பூசினீர்கள் என்பதைக் காகிதத்தில் எழுதி, குப்பிகளையும் மேலுறைகளையும் பையில் இட்டுக்கொண்டு, செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் உள்ள தோல் மருத்துவரைக் காணுங்கள். 'பேட்ச் டெஸ்ட்' என்னும் ஒட்டுச் சோதனை தேவையா, எங்கே கிடைக்கும் என்று அவரிடமே கேளுங்கள். ஐயத்திற்குரிய பொருள்களைச் சிறிய அளவில் முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்து, அப்போதும் அதன்பின் மீண்டும் ஓரிரு நாள் கழித்தும் பார்ப்பார்கள். ஊசியோ வலியோ இல்லை. எப்பொருள் பகை என்று தெரிந்துவிட்டால், அதனை விலக்குவதே பாதி மருந்து. கருமை மெல்லவே மறையும்; மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

உணர்ச்சியற்ற படை தோலில் காணப்பட்டால் மட்டும் சற்றும் தாமதிக்கலாகாது. அது தொழுநோயின் அறிகுறியாக இருக்கலாம். அதற்கான மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது, முற்றிலும் குணமாகும்.

அன்புள்ள பெற்றோரே, முகத்தில் கருமை தோன்றிய மகளைக் கடிந்து என்ன பயன்? அவள் செய்த குற்றம் ஒன்றுமில்லை. மணமுள்ளது நல்லது என்று நாம் எல்லாரும் நம்பியதையே அவளும் நம்பினாள். அவளது கையிலுள்ள குப்பியை வாங்கி, மேலுறையை அவளோடு அமர்ந்து படியுங்கள். நறுமணத்தை இல்லத்திலிருந்து விரட்டுமாறு நாம் கூறவில்லை. தலையில் மல்லிகையும், திருமணப் பந்தலில் பன்னீரும், பீடத்தில் சாம்பிராணியும் மணக்கட்டும். முகத்தில் நாள்தோறும் ஏறும் பொருளை மட்டும், மூக்கிடம் கேட்டபின் தோலிடமும் ஒருமுறை கேட்டு வாங்குவோமாக.